மழை ஜாக்கெட்டும் தூறல் ஜாக்கெட்டும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து, ஒன்றையொன்று பார்த்து எழுதியவை போல ஒரே சங்கடத்தைச் சொல்கின்றன. மலைநடைக்கும் காட்டுநடைக்கும் உரிய உடை நகரத்துக் கடைகளில் கிடைப்பதில்லை என்பதே அது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கே இடம் தருகிறேன்.

கேள்வி: முதன்முறையாக நான்கு நாள் மலைநடைக்குச் செல்ல இருக்கிறேன். மூன்று வார இறுதிகளாகத் துணிக்கடை, விளையாட்டுப் பொருள் கடை என்று ஏறி இறங்கியும் நம்பி வாங்கும்படியான மழையுடை ஒன்றுகூட அகப்படவில்லை. இத்தனை கடைகள் இருந்தும் ஏன் இந்த நிலை?

பதில்: கடைக்காரரின் இடத்தில் நின்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு மாதிரி மழை ஜாக்கெட்டை ஒழுங்காக இருப்பு வைக்க வேண்டுமானால், ஆண்களுக்கு ஆறு அளவு, பெண்களுக்கு ஆறு அளவு, ஒவ்வோர் அளவிலும் மூன்று நிறம் என்று 36 உருப்படிகள் அலமாரியில் இருந்தாக வேண்டும். அவற்றுள் நடுத்தர அளவுகள் முதலில் தீர்ந்துவிடும். மிகச் சிறியதும் மிகப் பெரியதும் அடுத்த பருவம் வரை தூசி படிந்து கிடக்கும். போதாக்குறைக்கு, நல்ல ஜாக்கெட் ஒன்றை வாங்கிச் சென்றவர் பல ஆண்டுகளுக்கு அந்தக் கடைப் பக்கம் திரும்ப வேண்டிய தேவையே இராது. அதே அலமாரியில் சாதாரணச் சட்டைகளை அடுக்கினால் அவை மாதந்தோறும் நகரும். பருவத்துக்கான சரக்கைப் பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவைத்து வரவழைக்கிறார்கள் என்பதால், மழை தொடங்கிய பிறகு நீங்கள் தேடிப் போகும்போது உங்கள் அளவு தீர்ந்திருந்தால், அது மீண்டும் வருவது பெரும்பாலும் அடுத்த ஆண்டுதான்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நகரத்தில் மழையுடைக்கு உள்ள வேலை, வாசலிலிருந்து வண்டி வரை, வண்டியிலிருந்து அலுவலகம் வரை, ஐந்து பத்து நிமிடம் உடம்பை மூடுவது மட்டுமே. கடைகள் அந்தத் தேவைக்கே வாங்கி அடுக்குகின்றன. ஆனால் அந்த உடைகளின் தோற்றம் மலையேறுபவரின் உடையைப் பார்த்துச் செய்ததாக இருக்கிறது: அதே தலைமூடி, அதே பளிச்சென்ற நிறம், அதே ரப்பர் பூசிய ஜிப். தூறலுக்குத் தைத்த ஜாக்கெட் மழை ஜாக்கெட்டின் வேடத்தில் தொங்குகிறது. உங்களுக்கு நம்பிக்கை வராதது சரியான உள்ளுணர்வுதான். அதை அடுத்த பதிலில் சொல்லும் சோதனைகளால் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். விற்பனையாளர்மீது கோபப்பட வேண்டாம். போன வாரம் வரை காலணிப் பிரிவில் நின்றிருந்தவரிடம் நாம் பொறியியல் கேள்வி கேட்கிறோம்.

கேள்வி: “வாட்டர்புரூஃப்” என்று அட்டையில் தெளிவாக அச்சிட்டிருந்த ஜாக்கெட்டை வாங்கினேன். அரை நாள் மழையில் உள்ளே முழுவதும் ஈரம். கடையிலேயே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நகரத்துக் கடையில் விற்பனையாளர் ஒரு குவளைத் தண்ணீரை ஜாக்கெட்டின் கைமீது ஊற்றிக் காட்டினார். நீர் தாமரையிலையில் உருள்வது போல முத்து முத்தாக உருண்டோடியது, நானும் மயங்கி வாங்கினேன். மலையில் இரண்டாவது மணி நேரத்தில், முதுகுப்பையின் பட்டை அழுத்தும் தோளிலிருந்து ஒரு குளிர்ந்த கோடு மார்பை நோக்கி இறங்கியது. அன்றிரவு கூடாரத்துக்குள் ஜாக்கெட்டைப் புறம் திருப்பிக் கைவிளக்கில் பார்த்தபோதுதான் தெரிந்தது: தலைமூடித் தையலில் மட்டும் டேப் ஒட்டியிருந்தார்கள், தோள், அக்குள், பக்கவாட்டுத் தையல்களெல்லாம் வெறும் நூலாக இருந்தன. ஊசி இறங்கிய ஒவ்வோர் இடமும் ஒரு துளை என்பதை அந்தக் குவளைத் தண்ணீர் எனக்குச் சொல்லவில்லை.

ஆகவே முதல் சோதனை, ஜாக்கெட்டை உள்ளே வெளியே திருப்புவது. எல்லாத் தையல்களின்மீதும், சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில், வழவழப்பான பட்டை சீராக ஒட்டியிருக்க வேண்டும். உள்துணி தைத்து மூடியிருந்தால், பையின் வழியாகவோ இடுப்பு விளிம்பின் வழியாகவோ விரலை நுழைத்துத் தடவிப் பார்க்கலாம். சில தயாரிப்புகளில் தோளிலும் தலையிலும் மட்டும் டேப் இருக்கும். அதை மறைக்காமல் அட்டையில் குறிப்பிடும் நிறுவனங்களும் உண்டு. அது தூறலுக்குப் போதும், நாள் முழுவதும் பெய்யும் மழைக்குப் போதாது.

இரண்டாவது, எண்ணைக் கேளுங்கள். துணியின் நீர்த்தடுப்பை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். துணியை இறுகப் பிடித்து, அதன்மேல் நீரின் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி, மறுபுறத்தில் மூன்று இடங்களில் துளி எட்டிப் பார்க்கும்போது நிறுத்திக் கணக்கிடுவார்கள். 10,000 மி.மீ. என்றால், பத்து மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தம் வரை அந்தத் துணி தாங்கியது என்று பொருள். வெறும் மழைத்துளிக்கு இவ்வளவு தேவையில்லை என்று தோன்றும். ஆனால் சுமையேறிய பட்டை தோளை அழுத்தும்போதும், ஈர நிலத்தில் முழங்கால் ஊன்றும்போதும், பாறைமேல் உட்காரும்போதும் அந்த இடத்தில் அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது. எனவே சுமையுடன் நடப்பவர்கள் 10,000-க்குக் குறைந்ததைத் தவிர்ப்பது நல்லது. நாட்கணக்கில் மழை பெய்யும் இடமென்றால் 20,000-ஐத் தேடலாம். எண்ணே இல்லாமல் “வாட்டர் ரெசிஸ்டன்ட்” என்ற சொல் மட்டும் இருந்தால் அதைக் காற்றுத்தடுப்பு ஜாக்கெட் என்று எண்ணி வாங்குங்கள்.

இனி, உங்கள் ஜாக்கெட்டில் இருந்த ஈரம் மழைதானா என்பதையும் யோசிக்க வேண்டும். ஏற்றத்தில் நடக்கும் உடம்பு வியர்வையாக நிறைய நீரை வெளியேற்றுகிறது. பிளாஸ்டிக் உறை போன்ற துணிக்குள் அது ஆவியாகி, குளிர்ந்து, உள்பக்கமே துளிகளாகப் படிகிறது. இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி பிறந்த கதை இது: 1969-இல் பாப் கோர் என்பவர், சூடேற்றிய பிடிஎஃப்இ என்ற பிளாஸ்டிக் கம்பியை மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்து, அது ஒவ்வொரு முறையும் ஒடிந்துபோன எரிச்சலில் ஒரே வெடுக்காக இழுத்தபோது, அது ஒடியாமல் பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த பொருளாக மாறியது. பிற்காலத்தில் கோர்-டெக்ஸ் என்று பெயர்பெற்ற சவ்வின் அடிப்படை அதுதான்: நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறிய துளை, நீராவி வெளியேறப் போதிய அளவு பெரிய துளை. இப்போது இதே வேலையைச் செய்யும் வேறு சவ்வுகளும் பல உள்ளன. ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவியை வெளியே விடுகிறது என்பதை அட்டையில் இரண்டாவது எண்ணாக அச்சிடுவார்கள். சோதனை முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், இந்த எண்ணை வைத்து இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ஜாக்கெட்டுகளை ஒப்பிடுவதில் பெரிய பொருள் இல்லை. அதைவிட, அக்குளுக்குக் கீழே திறந்துவிடக்கூடிய ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தச் சவ்வும் அந்தத் திறப்புக்கு ஈடாகாது என்பது என் அனுபவம்.

கேள்வி: பெண்களுக்கான பிரிவில் நிறங்கள்தாம் அதிகமாக இருக்கின்றன. அளவு சரியாக வந்தால் பை சிறிதாக இருக்கிறது. ஆண்களின் சிறிய அளவை எடுத்தால் இடுப்பில் பிடிக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஆண்களின் சிறிய அளவு பெண்களுக்குப் பொருந்தும் என்பது விற்பவர்களின் சௌகரியத்துக்காகப் பிறந்த நம்பிக்கை. தோளுக்கும் இடுப்புக்கும் உள்ள விகிதம் வேறு என்பதால், தோளில் சரியாக உட்காருவது இடுப்பில் ஏறி நிற்கும். அங்கே முதுகுப்பையின் இடுப்புப்பட்டை கட்டியதும் ஜாக்கெட் மேலே சுருண்டு முதுகின் கீழ்ப்பகுதி நனையும். எஸ், எம், எல் ஆகிய எழுத்துகளுக்கு நிறுவனங்களிடையே பொது அளவு கிடையாது. எனவே மார்பு, இடுப்பு, கை நீளம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் முதுகுப்பையையும், உள்ளே அணியப்போகும் கனத்த உடுப்பையும் கொண்டு போங்கள். கூச்சப்படாமல் அவற்றை அணிந்து அதன்மேல் ஜாக்கெட்டைப் போட்டு, பையை மாட்டிப் பட்டையைக் கட்டி, இரு கைகளையும் தலைக்குமேல் தூக்குங்கள். விளிம்பு தொப்புளுக்கு மேலே ஏறினால் அது உங்களுக்கானதில்லை. அதே நிலையில் ஜாக்கெட்டின் பைக்குள் கைவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான நகர மாதிரிகளில் பைகள் இடுப்புப்பட்டைக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். கடைசியாகத் தலைமூடியை இழுத்துக் கட்டிக்கொண்டு இடப்பக்கம் திரும்பிப் பாருங்கள். தலையோடு மூடியும் திரும்ப வேண்டும். மூடி அசையாமல் நிற்க, உங்கள் கண் அதன் உட்புறத்தைப் பார்த்தால், பாதையின் விளிம்பு உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: கடையில் கிடைக்காததைத் தையல்காரரிடம் தைத்துக்கொள்ளலாமா? அல்லது வீட்டில் இருக்கும் ஜீன்ஸையும் பருத்திச் சட்டையையும் வைத்துச் சமாளிக்கலாமா?

பதில்: தைத்துக்கொள்வதற்கு நல்ல முன்னோடி இருக்கிறது. 1922-ஆம் ஆண்டின் எவரெஸ்ட் பயணத்துக்கு ஜார்ஜ் ஃபிஞ்ச் என்ற மலையேறி, பலூன் துணிக்குள் பறவை இறகு நிரப்பிய அங்கியைத் தானே வடிவமைத்து எடுத்துச் சென்றார். முதலில் அதைப் பார்த்து நகைத்த சகாக்கள், குளிரில் அதைப் பொறாமையுடன் பார்த்தார்கள். அவர் காலத்திலேயே இந்தக் கடைப் பிரச்சினை இருந்தது என்று நீங்கள் ஆறுதல் கொள்ளலாம். இன்றும் நைலான் நடைக்காற்சட்டை, ஃப்ளீஸ் என்ற பஞ்சுபோன்ற செயற்கைத் துணியில் மேல்சட்டை ஆகியவற்றைத் தேர்ந்த தையல்காரர் ஒருவர் உங்கள் அளவுக்குக் கடையைவிட நன்றாகவே தைத்துத் தருவார். வெளியே அணியும் மழை ஜாக்கெட்டை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். தையல்மேல் டேப்பை வெப்பத்தால் ஒட்டும் எந்திரம் சாதாரணத் தையலகத்தில் இராது.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி நீரை உறிஞ்சி விடாமல் வைத்துக்கொள்ளும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அடிவாரத்தில் இதமாக இருந்த பருத்திச் சட்டை உச்சியில் ஈரத்துணி கட்டிய கதையாகிவிடும். வறண்ட வெயில் நிலத்தில் இதே குணம் குளிர்ச்சி தந்து உதவும். குளிரும் மழையும் சேர்ந்த இடத்தில்தான் அது பகை.

நல்ல செய்தி, உங்களுக்குத் தேவையானவற்றில் பாதிக்கு மேல் சாதாரணக் கடைகளிலேயே வேறு பெயரில் தொங்குகின்றன. உடலை ஒட்டி அணிய ஓட்டக்காரர்களின் பாலியெஸ்டர் பனியன் போதும். நடுவில் அணிய எந்தக் கடையின் ஃப்ளீஸும், பழைய கம்பளி ஸ்வெட்டரும் போதும். கம்பளி, தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் கையில் ஈரம் தெரியாமல் இருக்கும். சிறப்புக் கடையைத் தேடி அலைய வேண்டியது வெளி ஜாக்கெட்டுக்கும் காலணிக்கும் மட்டுமே. மரங்களிடையே, காற்றில்லாத பாதையில், ஒரு குடை எந்த ஜாக்கெட்டையும்விடச் சுகமானது என்பதையும் சொல்லிவைக்கிறேன். மலையேறும் நண்பர்கள் சிரிக்கட்டும்.

கேள்வி: ஒரு கடையில் சில ஆண்டுகளாகக் கிடந்த நல்ல நிறுவனத்தின் ஜாக்கெட் தள்ளுபடியில் இருக்கிறது. புதியதுதான், யாரும் அணியவில்லை. வாங்கலாமா?

பதில்: அணியாமல் கிடந்ததால் புதியது என்று கொள்ள முடியாது. உட்புறத்தில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு உள்ள துணி, காற்றிலுள்ள ஈரத்தாலேயே மெல்லச் சிதையும். மடித்த நிலையில், ஈரப்பதமான கிடங்கில் கிடந்தால் இன்னும் விரைவாகச் சிதையும். உள்பக்கத்தை இரண்டு விரலால் அழுத்தி எடுங்கள். பிசுபிசுத்தால், புளித்த வாடை அடித்தால், மடிப்புகளில் வெள்ளைத் தூள் உதிர்ந்தால் தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் வைத்துவிடுங்கள். டேப்பின் ஓரம் நகத்தால் கிளம்புகிறதா என்றும் பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்து, மேற்புறத்தில் மட்டும் நீர் உருளாமல் ஊறினால் அது குறையே இல்லை. நீரை உருளவைக்கும் மேற்பூச்சைத் தூய்மையாகத் துவைத்து, அட்டையில் அனுமதித்திருந்தால் மிதமான சூட்டில் உலர்த்தினாலே பெரும்பாலும் மீட்டுவிடலாம். துணியை மென்மையாக்கும் திரவத்தை மட்டும் அருகில் கொண்டுபோகக் கூடாது.

இப்போதைய புதிய சரக்கில் இந்த மேற்பூச்சு மாறிவருகிறது. எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களை உடைகளில் தடுக்கும் விதிகள் கலிபோர்னியாவில் 2025 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. மாற்றுப் பூச்சுகள் எண்ணெய்ப் பிசுக்கையும் அழுக்கையும் முன்னைப் போல எதிர்ப்பதில்லை என்பதால், அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும். உங்கள் தள்ளுபடி ஜாக்கெட் பிசுபிசுப்புச் சோதனையில் தேறினால், பணம் கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: அளவு பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா, அல்லது அதே மாதிரியை உங்கள் அளவில் கிடங்கிலிருந்து வரவழைத்துத் தருவார்களா? கேட்டால் வரவழைத்துத் தரும் கடைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். மாதிரியின் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.