மேடைப் பேச்சைத் தொழிலாக எடுத்துக்கொள்ள எப்படித் தயாராவது?

கல்லூரியில் பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்கியிருப்பீர்கள், வீட்டில் "இதெல்லாம் சோறு போடுமா" என்று கேட்டிருப்பார்கள், அதனால்தான் இந்தக் கேள்வி என்று நினைக்கிறேன். நானும் அங்கிருந்து வந்தவள்தான். 12 வருடமாகப் பட்டிமன்றம் பேசுகிறேன். டிவியில் வந்ததில்லை, அதை வைத்து "நீ யார் சொல்ல" என்பவர்கள் சொல்லட்டும். மகளின் கல்லூரிக் கட்டணம் இந்த மேடைகளிலிருந்துதான் போகிறது.

போட்டிக்கு மனப்பாடம் போதும். காசு வாங்கிப் பேசுகிற இடத்தில் அது காலை வாரிவிடும். என் முதல் பட்டிமன்றம் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பங்குனித் திருவிழாவில். குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்ற வழக்கமான தலைப்பு. 20 நிமிடத்துக்கு எழுதி, பத்து நாள் சொல்லிப் பார்த்துப் போயிருந்தேன். நோட்டீஸில் 9 மணி என்று போட்டிருந்தது, சாமி புறப்பாடு முடிந்து மேடை ஏறும்போது பதினொன்றேகால். நடுவர் என் பக்கம் குனிந்து, "எட்டு நிமிஷத்துல முடிச்சிரும்மா" என்றார். அதைக்கூடச் சமாளித்திருப்பேன். ஆனால் நான் கடைசிக்கென்று வைத்திருந்த கண்ணகி கதையை எனக்கு முன்னால் பேசிய எதிரணிக்காரர் எடுத்துத் தன் பக்கம் திருப்பிவிட்டார். அவருக்குப் பதிலே சொல்லாமல் நான் எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். முன்வரிசையில் தூங்குகிற பேரனை மடியில் போட்டிருந்த ஒரு பாட்டி, "இதத்தான அந்தத் தம்பி இப்பச் சொல்லுச்சு" என்று பக்கத்தில் சொன்னது மேடைவரை கேட்டது.

அப்புறம்தான் முறையை மாற்றினேன். எந்தத் தலைப்புக்கும் இரண்டு பக்கமும் தயார் செய்வேன், கடைசி நேரத்தில் அணி மாறும். ஒரு கதையை உருவினாலும் மற்றவை தனியாக நிற்க வேண்டும். மேடையில் கையில் சின்ன நோட்டு, எதிரணி சொன்னதில் ஒரு வாக்கியத்தைக் குறித்துக்கொண்டு அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன். மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லவில்லை, பாட்டு வரிகள் பிசகக் கூடாது. கம்பராமாயணத்தைப் பேசவும் கேட்கவும் என்று 1939-ல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடி கம்பன் கழகம் மாதிரி இடங்களில் கீழே உட்கார்ந்திருப்பவருக்கே பாட்டு முழுசாகத் தெரியும். ஒரு வருடமாவது அங்கெல்லாம் போய்க் கேளுங்கள். மேடைப் பேச்சுப் பழகுகிறவர்களின் மன்றமான டோஸ்ட்மாஸ்டர்ஸும் நல்லதுதான், நேரம் காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கைப் பார்த்து ஏழு நிமிடத்துக்குள் முடிக்கப் பழகலாம். ஆனால் அங்கே எல்லோரும் கேட்பதற்கென்றே வந்தவர்கள். திருவிழாவில் ராட்டினத்துக்கும் பஜ்ஜிக் கடைக்கும் நடுவில் போகிறவரை நிறுத்த வேண்டும்.

பணத்தை போனிலேயே பேசிவிடுங்கள், வழிச்செலவு சேர்த்தா தனியா என்பதையும். ஒரு ஊரில் பொன்னாடை போர்த்தி, "காசாளர் வெளியூர் போயிட்டார், அனுப்பி வைக்கிறோம்" என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

இதோடு இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ராத்திரி ஒரு மணிக்கு மேல் எந்த பஸ்ஸும் ஊருக்குள் வருவதில்லை. ஊர்ப் பெயர் போட்டு டிக்கெட் கிழித்துவிட்டு பைபாஸில் இறக்கிவிடுகிறார்கள். விளக்கில்லாத பாலத்தடியில் எத்தனை முறை தனியாக நின்றிருக்கிறேன்! கேட்டால், உள்ளே போனால் அரை மணி நேரம் லேட் என்று பதில். பெண்களை இறக்கும்போதாவது யோசிக்க வேண்டாமா? இப்போதெல்லாம் நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளும்போதே, திரும்ப வீடுவரை கார் வருமா, இல்லையென்றால் விடியும்வரை தங்க ஒரு வீடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தேதி கொடுக்கிறேன்.