மூன்று நாற்காலிகளும் இரவல் ஆட்களும்

வணக்கம் ஐயா,

தேர்தல் ஆணையர் நியமனம் பற்றிய உங்கள் கட்டுரையில், 'தேர்வுக் குழுவில் தலைமை நீதிபதியை மறுபடி உட்காரவைத்தால் மட்டும் போதாது' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் இருக்கும் குழுதான் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை அதே வருஷக் கடைசியில் ஒரு சட்டம் போட்டு ஒன்றுமில்லாமல் ஆக்கினார்கள். அந்தச் சட்டம் போனாலே பாதி வியாதி தீர்ந்துவிடும். இந்த நேரத்தில் 'போதாது' என்பது ஆளுங்கட்சிக்குத்தானே வசதி? நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், பல தேர்தல்களில் பூத் டியூட்டி பார்த்தவன். டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில் நாங்கள் பயந்த பயம் தனி. அப்படி ஒருவர் மேலே இருந்தால் கீழே எல்லாம் தானாகச் சரியாகும் என்பது என் அனுபவம். ஓய்வுக்குப் பிறகு ஆணையர்கள் வேறு பதவிக்குப் போவதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே, ஏன்?

க., நாமக்கல்

அன்புள்ள க.,

2023 சட்டம் மோசமான சட்டம் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. பிரதமர், அவர் கைகாட்டும் ஒரு கேபினட் அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர். இப்படி ஒரு குழு அமைத்தால் கணக்கு எப்போதும் இரண்டுக்கு ஒன்றுதான். அந்த ஒருவர் மறுப்புக் குறிப்பு எழுதிவிட்டு எழுந்து வரலாம், வேறொன்றும் செய்ய முடியாது. 2024 மார்ச்சில் எதிர்த்தரப்பில் உட்கார்ந்த அதிர் ரஞ்சன் சவுத்ரி வெளியே வந்து சொன்னது ஞாபகம் இருக்கும். முதல் நாள் ராத்திரி 212 பெயர்கள் கொண்ட பட்டியல் வந்ததாம். கூட்டத்துக்குச் சில நிமிடங்கள் முன்பு அது ஆறாகச் சுருங்கியதாம். 212 பேரின் பணி வரலாற்றை ஒரே ராத்திரியில் யார் படிப்பது? அந்தக் கூட்டத்தில் இரண்டு ஆணையர்கள் முடிவானார்கள், இரண்டு நாள் கழித்து மக்களவைத் தேர்தல் தேதி வந்துவிட்டது.

இதற்கு முந்தைய ஏற்பாடு யோக்கியமானது என்றும் சொல்ல மாட்டேன். அப்போது பெயருக்குக்கூடக் குழு கிடையாது. 2022 மே மாதம் காலியான இடம் அரை வருஷம் சும்மா கிடந்தது. நவம்பர் 18-ம் தேதி ஐ.ஏ.எஸ். அதிகாரி அருண் கோயல் விருப்ப ஓய்வு பெற்றார், 19-ம் தேதி ஆணையர் ஆனார். நியமன முறை பற்றிய வழக்கை அரசியல் சாசன அமர்வு விசாரித்துக்கொண்டிருந்த சமயத்திலேயே இது நடந்தது. என்ன இத்தனை வேகம் என்று நீதிபதிகளே கோப்பை வரவழைத்துக் கேட்டார்கள்.

இருந்தாலும் தலைமை நீதிபதி மேல் நீங்கள் வைக்கும் நம்பிக்கை எனக்கு வரவில்லை. சி.பி.ஐ. இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தலைமை நீதிபதி அல்லது அவர் அனுப்பும் நீதிபதி இருக்கிறார். 2019 ஜனவரியில் அதே குழு அலோக் வர்மாவை இயக்குநர் பதவியிலிருந்து மாற்றியது. பிரதமரும் நீதிபதியும் ஒரு பக்கம், எதிர்க்கட்சித் தரப்பில் உட்கார்ந்த கார்கே மறுபக்கம். அந்த நீதிபதி தப்பு செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. நீதிபதி ஒருவர் வந்து சேர்ந்ததால் சி.பி.ஐ. யாருக்கும் கட்டுப்படாத அமைப்பாக மாறிவிட்டதா என்றுதான் கேட்கிறேன். போதாக்குறைக்கு, தலைமை நீதிபதி கையெழுத்துப் போட்ட நியமனத்தை எதிர்த்து வழக்குப் போட்டால் அது போய் நிற்பதும் அவர் தலைமை வகிக்கும் நீதிமன்றத்தில்தான்.

எதிர்க்கட்சி சம்மதிக்காமல் நியமனம் இல்லை என்று ஆக்குவதுதான் உருப்படியான வழி. இதுவும் புது யோசனை அல்ல. 1949 ஜூனில் அரசியல் நிர்ணய சபையில் ஷிப்பன் லால் சக்சேனா கேட்டதே இதுதான்: இரண்டு அவைகளும் கூடி மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஒப்புதல் தர வேண்டும். முட்டாளோ அயோக்கியனோ அரசாங்கத்தின் கைக்குள் இருப்பவரோ அந்த நாற்காலிக்கு வருவதைத் தடுக்கச் சாசனத்தில் வழியில்லை என்பதை அம்பேத்கரே அந்த விவாதத்தில் ஒத்துக்கொண்டார். தென்னாப்பிரிக்காவில் அரசியல் சாசன நீதிமன்றத் தலைவர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து குறைந்தது எட்டுப் பெயர்களை நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்ப வேண்டும், அவையின் தீர்மானம் இல்லாமல் நியமனம் கிடையாது. அங்கே நீதிபதி இருக்கிறார், ஆனால் வடிகட்டுவதோடு அவர் வேலை முடிகிறது.

இவ்வளவும் டெல்லியில் ஆணையர்கள் உட்காரும் மூன்று நாற்காலிகளின் கதை. என் கட்டுரையில் 'போதாது' என்று எழுதியது அந்த நாற்காலிகளுக்குக் கீழே இருப்பவர்களை மனதில் வைத்து. நீங்கள் சேஷனை இழுத்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அவர் போட்ட சண்டைகளிலேயே பெரியது ஆட்களைப் பற்றியது.

ஆணையத்துக்கென்று சொந்தமாக இருக்கும் ஆட்கள் டெல்லியில் சில நூறு பேர். மற்ற எல்லோரும் இரவல். ஆணையம் கேட்டால் குடியரசுத் தலைவரும் ஆளுநரும் ஊழியர்களைத் தர வேண்டும் என்கிறது சாசனத்தின் 324(6). தேர்தல் அறிவிப்பாணை வந்த நாளிலிருந்து முடிவு வெளியாகும் வரை அவர்கள் ஆணையத்தின் அயற்பணியில் இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்று 1988-ல் சட்டத்தில் சேர்த்தார்கள். சரி, அவர்கள் தவறு செய்தால் தண்டிப்பது யார்? அந்த அதிகாரத்தை அரசு ஒத்துக்கொள்ளும் வரை நாட்டில் எந்தத் தேர்தலும் நடக்காது என்று 1993 ஆகஸ்ட் 2-ம் தேதி சேஷன் உத்தரவே போட்டார். விஷயம் உச்ச நீதிமன்றம் போய் 2000-ல்தான், அதாவது அவர் ஓய்வுபெற்று நான்கு வருஷம் கழித்துத்தான், சமரசமாக முடிந்தது. ஆணையம் ஓர் அதிகாரியை சஸ்பெண்ட் செய்யலாம், மாற்றலாம், ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம். அரசு ஆறு மாதத்துக்குள் முடிவெடுத்துச் சொல்ல வேண்டும். தண்டிக்கும் கை இன்னமும் அரசின் கைதான்.

நீங்கள் பயந்தது உண்மை. பூத்தில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் ஆசிரியருக்கு அந்தப் பயம் போதும். கலெக்டருக்குப் போதாது. மாவட்டத் தேர்தல் அலுவலர் என்று அவர் போர்டு மாட்டியிருப்பது சில வாரம். அதற்கு முன்னும் பின்னும் அவருக்கு எங்கே போஸ்டிங் என்று தீர்மானிப்பது கோட்டையில் இருப்பவர்கள். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியும் அதே ஐ.ஏ.எஸ். கேடரிலிருந்து வருகிறவர்தான், மாநில அரசு அனுப்பும் பெயர்களிலிருந்து ஆணையம் பொறுக்குகிறது.

2025 நவம்பர் 4-ல் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் ஆரம்பித்தபோது எங்கள் தெருவுக்குப் படிவக் கட்டோடு வந்த பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) ஓர் அங்கன்வாடிப் பணியாளர். காலையில் குழந்தைகளைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு மேல் வீடு வீடாக ஏறினார். பூட்டிய வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும், ராத்திரி உட்கார்ந்து மொபைலில் ஏற்ற வேண்டும். 2002 பட்டியலில் அப்பா பெயர் எந்த பாகத்தில் இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு அதையும் அவரே தேடிக் கொடுத்தார். இந்த வேலைக்கு வருஷ மதிப்பூதியம் 12,000 ரூபாய், அதுவே அந்த வருஷம்தான் ஆறாயிரத்திலிருந்து ஏறியது. வருவாய்த் துறை ஊழியர்கள் நவம்பரிலேயே வேலைப்பளு தாங்காமல் புறக்கணிப்பில் இறங்கினார்கள். டிசம்பரில் உச்ச நீதிமன்றமே மாநில அரசுகளைப் பார்த்து, கூடுதல் ஆட்களைக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒருவருடைய ஓட்டு இருக்கிறதா போய்விட்டதா என்பது முதலில் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. தலைமை நீதிபதி குழுவில் உட்கார்ந்திருந்தாலும் எங்கள் தெருவுக்கு இதே அம்மாதான் வந்திருப்பார்.

ஆணையத்துக்கு வேலை சில சமயம் மலைபோல் இருக்கும், சில சமயம் ஒன்றுமே இருக்காது, நிரந்தரப் பட்டாளம் வைத்தால் வீண்செலவு என்பது 1949-ல் சொன்ன நியாயம். ஓட்டுப்பதிவு நாளுக்கு அது இன்றைக்கும் பொருந்தும். லட்சக்கணக்கான பேரைச் சம்பளம் கொடுத்து ஐந்து வருஷம் உட்காரவைக்க முடியாது, ஆசிரியர்கள்தான் வர வேண்டும். ஆனால் வாக்காளர் பட்டியல் இப்போது வருஷம் பூராவும் நடக்கும் வேலை. தமிழ்நாட்டில் தொகுதிக்கு ஒருவர் என்றால் 234 வாக்காளர் பதிவு அலுவலர்கள். இன்று அந்தப் பொறுப்பு வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) போன்றவர்கள் தலையில், நில எடுப்பு, பட்டா மேல்முறையீடு, சட்டம் ஒழுங்கு இவற்றோடு இன்னொன்றாக விழுகிறது. அந்த 234 பேரையும் அவர்களுக்குக் கீழே தாலுகாவில் இரண்டு மூன்று பேரையும் ஆணையமே எடுத்து, ஆணையமே மதிப்பீடு எழுதி, ஆணையமே பதவி உயர்வு கொடுத்தால் கஜானா காலியாகிவிடாது. கனடாவில் 2006 வரை தொகுதித் தேர்தல் அதிகாரிகளை அரசாங்கம்தான் நியமித்தது, கட்சிக்கு உழைத்தவர்களுக்குக் கிடைக்கும் சன்மானம் என்றே பெயர். சட்டத்தை மாற்றி அந்த அதிகாரத்தைத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் கொடுத்தார்கள், தகுதி பார்த்துப் பத்து வருஷத்துக்கு நியமிக்கிறார். நம் உச்ச நீதிமன்றமும் நீங்கள் சொல்லும் அதே 2023 தீர்ப்பில், ஆணையத்துக்குத் தனிச் செயலகமும் தொகுப்பு நிதியிலிருந்து நேரடிச் செலவும் வேண்டும் என்று நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. அந்தப் பக்கத்தைப் பற்றி டி.வி. விவாதங்களில் யாரும் வாய் திறந்து நான் பார்க்கவில்லை. எதிர்க்கட்சிகளும் மௌனம்தான். மாநிலத்தில் ஆளும்போது இரவல் ஆட்களால் அவர்களுக்கும் லாபம் உண்டே.

உள்ளாட்சித் தேர்தல் ஆணையங்களைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். கோவாவில் சட்டத் துறைச் செயலரே கூடுதல் பொறுப்பாக மாநிலத் தேர்தல் ஆணையராக இருந்தார். அரசுப் பணியில் இருப்பவர் அந்த இடத்தில் உட்காரக்கூடாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஆந்திராவில் 2020-ல் அவசரச் சட்டத்தால் பதவிக்காலத்தைக் குறைத்து ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதியைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். ஆந்திர உயர் நீதிமன்றம் ஒன்றரை மாதத்தில் அதை ரத்து செய்தது.

ஓய்வுக்குப் பிந்தைய பதவி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த எம்.எஸ். கில் மாநிலங்களவைக்குப் போய் மத்திய அமைச்சரும் ஆனார். நீங்கள் பயந்த சேஷனே 1999-ல் காந்திநகரில் அத்வானியை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றார். ஓய்வுக்குப் பின் ஆளுநர் பதவி உட்பட எந்த அரசு நியமனமும் கூடாது என்று தேர்தல் சீர்திருத்தத்துக்கான கோஸ்வாமி குழு 1990-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. அதோடு, குறைந்தது ஐந்து வருஷத்துக்குக் கட்சி டிக்கெட்டும் கூடாது என்று சேர்க்கலாம் என்பது என் வாதம்.