ஹெட்லைட்டைப் போட்டால் டீசல் அழுத்தம் குறைவது ஏன்?

கேள்வி: என்னிடம் 2001ஆம் ஆண்டு டாட்ஜ் ராம் 2500 டிரக் இருக்கிறது, 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின். ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) டீசல் அழுத்தம் 14 பிஎஸ்ஐ. ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டால் 11க்கு இறங்குகிறது. டாங்கியிலிருந்து டீசலை எஞ்சினுக்கு அனுப்பும் லிஃப்ட் பம்பை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பம்ப் மட்டும் தேய்ந்திருந்தால் விளக்கு அணைந்திருக்கும்போதும் அழுத்தம் குறைவாகத்தான் இருக்கும். விளக்கைப் போட்டவுடன் முள் இறங்குவதால், எனக்கு முதல் சந்தேகம் ஒயரிங் மேல்தான்.

உங்கள் கேஜ் மின்சாரத்தில் இயங்குவது என்றால், இறங்குவது அழுத்தமா, வெறும் முள்ளா என்று முதலில் தெரிய வேண்டும். டேஷ்போர்டின் எர்த் சரியில்லாவிட்டால் ஹெட்லைட் இழுக்கும் மின்சாரமே முள்ளை நகர்த்திவிடும். பானெட்டுக்குள் ஒரு மெக்கானிக்கல் கேஜைத் தற்காலிகமாக மாட்டிப் பாருங்கள். அதில் முள் அசையவில்லை என்றால் பம்பின் மேல் குற்றமில்லை.

அதிலும் இறங்கினால் பம்புக்குப் போகும் வோல்டேஜ் குறைகிறது என்று பொருள். லிஃப்ட் பம்பில் இருப்பது டிசி மோட்டார். வோல்டேஜ் குறைந்தால் வேகமும் குறையும். 14 வோல்ட் 12 ஆனால் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு போய்விடும். ஐடிலில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாமலும் போகலாம். பாரம் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போதுதான் முழுதாக வெளிப்படும்.

குளிர்காலக் காலையில் எஞ்சினுக்குள் போகும் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டர் 190 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அது போட்டுப் போட்டு அணையும்போது விளக்கு மங்கித் தெளியும், அழுத்தமும் கூடவே ஆடும். அது இயல்பு; எஞ்சின் சூடானால் நின்றுவிடும்.

இனி அளந்து பாருங்கள். ஸ்டார்ட்டரை ஒரு கணம் மட்டும் தட்டிவிட்டு, எஞ்சின் ஓடும் முன்பே சாவியை விட்டுவிட்டால் பம்ப் சுமார் 25 விநாடி தனியாக ஓடும். அந்த நேரத்தில் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை பம்பின் பாசிட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. நெகட்டிவ் பக்கத்தையும் இதேபோல் பாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும். நான் பார்த்த ஒரு டிரக்கில் எர்த் லக் (எர்த் ஒயரின் முனையில் இருக்கும் உலோக வளையம்) வெளியே பளபளவென்று இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் அடியில் பெயின்ட்டும் பச்சைப் பூச்சும். உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் தெரிய வைத்து இறுக்கியதும் முள் நின்றுவிட்டது.

இதை அலட்சியமாக விட வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், உங்கள் எஞ்சினில் டீசலை உயர் அழுத்தத்தில் சிலிண்டர்களுக்கு அனுப்பும் பாஷ் விபி44 இன்ஜெக்‌ஷன் பம்ப். அதற்குக் குளிர்ச்சியும் மசகும் டீசல்தான். அதன் ஓவர்ஃப்ளோ வால்வு 14 பிஎஸ்ஐ அளவில்தான் திறந்து, மிச்ச டீசலை டாங்கிக்கு அனுப்பிச் சூட்டை எடுத்துச் செல்கிறது. மேடு ஏறும்போது 10க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 5 ஆகிவிட்டால் ஓட்டத்தை நிறுத்துங்கள். இந்த பம்ப் போனால் ஆயிரம் டாலருக்கு மேல் செலவு.

ஒயரிங்கும் எர்த்தும் சரி, டீசல் ஃபில்டரும் புதிது, அப்படியும் மெக்கானிக்கல் கேஜில் அழுத்தம் குறைகிறது என்றால் லிஃப்ட் பம்பை மாற்றுங்கள். பழைய பம்புக்கு எஞ்சின் கம்ப்யூட்டரே நேரடியாக மின்சாரம் தருகிறது. புதிய பம்பை மாட்டும்போது ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி ஒயர் இழுத்துவிடுங்கள்.