பள்ளியில் சீண்டல்: வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளிடம் முதலில் பேசுங்கள் (கேள்வி பதில்)

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக வேலை செய்கிறேன். பிள்ளைகளுக்குள் நடக்கும் சீண்டல், மிரட்டல், ஓரங்கட்டல் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: கேலி செய்வதெல்லாம் அந்த வயதில் சகஜம்தானே? நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். இதற்கு எதற்கு விழிப்புணர்வு?

பதில்: இரண்டு நண்பர்கள் மாறி மாறிப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தால் அது கேலி. தினமும் ஒரே பிள்ளையைக் குறிவைத்து, அந்தப் பிள்ளையால் திருப்பிக் கொடுக்க முடியாது என்று தெரிந்தே செய்தால் அது வேறு. வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, பலம் குறைந்தவர்மேல்: நார்வே உளவியலாளர் டான் ஓல்வேயுஸ் சொன்ன இந்த மூன்று அடையாளங்களைத்தான் இன்றும் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். 2019இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கைப்படி, உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர் அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் இதற்கு ஆளாகியிருக்கிறார். நீங்களும் அப்படித்தான் வளர்ந்தீர்கள், சரி. உங்கள் வகுப்பில் அன்று அதிகம் கேலிக்கு ஆளானவரைக் கேட்டுப் பாருங்கள், அவர் வேறு கதை சொல்லக்கூடும்.

கேள்வி: நான் ஆசிரியை. வருடம் ஒருமுறை உறுதிமொழி, பேரணி, ஓவியப் போட்டி எல்லாம் நடத்துகிறோம். ஆனால் எதுவும் மாறவில்லையே?

பதில்: டீச்சர், ஒரு நாள் நிகழ்ச்சியால் மட்டும் மாறாது. நார்வேயில் சீண்டலுக்கு ஆளான சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான், 1983இல் நாடு தழுவிய இயக்கமே தொடங்கியது. அப்போது ஓல்வேயுஸ் உருவாக்கிய திட்டத்தில் பெயர் எழுதாத கருத்துக்கணிப்பு, இடைவேளையில் பெரியவர்களின் கண்காணிப்பு, வகுப்புக்கென்று விதிகள், அதைப் பற்றி அடிக்கடி பேசும் வகுப்புக் கூட்டங்கள், பெற்றோர் சந்திப்பு என்று வருடம் முழுக்க வேலை இருந்தது.

இன்னொன்று, நாம் சீண்டுகிறவனையும் சீண்டப்படுகிறவனையும் மட்டுமே பார்க்கிறோம், சுற்றி நிற்கும் பத்துப் பேரை விட்டுவிடுகிறோம். அவர்கள் சிரிப்பதுதான் சீண்டுகிறவனுக்குக் கிடைக்கும் கைதட்டல். பின்லாந்துப் பள்ளிகளின் சீண்டல் தடுப்புத் திட்டமான கிவா இவர்களை மனதில் வைத்தே வகுக்கப்பட்டது. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, கூட இருந்த பிள்ளைகள் குறுக்கிட்டது குறைவுதான், ஆனால் குறுக்கிட்டபோது பாதிக்கு மேல் 10 நொடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. இதை அப்படியே உங்கள் வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்புறம், பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, பயமாக இருக்கும் இடத்தில் பெயர் எழுதாமல் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கழிப்பறை, மாடிப்படி, பஸ்ஸின் கடைசி இருக்கை என்று வரும். அடுத்த வாரமே அங்கே ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

கேள்வி: ஒன்பதாவது படிக்கிறேன். தட்டிக் கேட்டால் அடுத்து என்னைத்தான் பிடிப்பார்கள். என்ன செய்வது?

பதில்: உன் பயம் நியாயமானது தம்பி. தனியாகப் போய் மோத வேண்டாம். சிரிக்காதே, அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதே. முடிந்தால் "வாடா, சார் கூப்பிடுறார்" என்று அந்தப் பையனை அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிடு. அதுவும் முடியவில்லையா, பிறகு போய் அவன் பக்கத்தில் உட்கார். நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் சொல். ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொல்வதுதான் கோள் மூட்டுவது, காப்பாற்றுவதற்காகச் சொல்வது அப்படி இல்லை.

கேள்வி: என் மகன்தான் மற்ற பிள்ளைகளைச் சீண்டுகிறானாம். பெல்ட்டால் வெளுத்துவிட்டேன்.

பதில்: கோபம் புரிகிறது சார். ஆனால் பலமுள்ளவன் பலமில்லாதவனை அடிக்கலாம் என்பதைத்தான் அந்த அடி அவனுக்குக் காட்டியிருக்கும். உட்காரவைத்து என்ன செய்தான், யாரை, எத்தனை நாளாக என்று அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள். அவனால் கெட்டதை அவனே சரிசெய்யட்டும். "ரவுடி" என்று மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள், அந்தப் பெயருக்கு ஏற்றபடியே நடக்க ஆரம்பித்துவிடுவான்.

கேள்வி: வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மகளின் படத்தை வைத்துக் கிண்டல் செய்கிறார்கள். போனைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். பிடுங்கினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டாள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பதில் போட வேண்டாம், பள்ளிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: "கண்டுக்காதே, தானா நின்னுடும்" என்றுதான் பையனிடம் சொல்லிவந்தேன். இப்போது காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்கே போக மறுக்கிறான்.

பதில்: அம்மா, நல்லெண்ணத்தில் சொன்னீர்கள், ஆனால் அவன் காதில் "உனக்கு யாரும் இல்லை" என்று விழுந்திருக்கலாம். டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். இன்று ராத்திரியே "நீ சொல்றதை நான் நம்புறேன், இது உன் தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். எந்த நாள், எந்த இடம், யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள், என்ன செய்தார்கள் என்று ஒரு வாரத்தில் திரும்பப் போய்க் கேளுங்கள். இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பயந்த பிள்ளை அங்கே வாயே திறக்காது.