திருப்பி அனுப்பாத படப்பெட்டி

வணக்கம் சார்,

பழைய படச்சுருள்களைச் சேர்த்து வைக்கும் தனிமனிதர்களைப் பற்றிப் போன வாரம் உயர்வாக எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு நெருடல். அவர்களிடம் இருப்பதெல்லாம் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்காமல் அமுக்கிய பிரிண்ட்கள்தானே? அடுத்தவர் சொத்தை வீட்டில் பூட்டி வைத்தவரைப் படத்தைக் காப்பாற்றியவர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம், மதுரை)

அன்புள்ள நண்பருக்கு,

அமுக்கியவைதான், நிறைய. ஓட்டி முடித்ததும் பெட்டியைத் திருப்பி அனுப்பு, இல்லாவிட்டால் அழித்துவிடு என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. எல்லோரும் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் ஜெர்மன் மௌனப் படம் 'மெட்ரோபோலிஸ்' இன்று அரைகுறையாகத்தான் கிடைத்திருக்கும்.

1927 ஜனவரியில் பெர்லினில் வெளியானபோது அது இரண்டரை மணி நேரப் படம். போணியாகவில்லை. அமெரிக்காவில் வெளியிட்ட பாரமவுண்ட் தன் இஷ்டத்துக்கு வெட்டியது, அப்புறம் படத்தைத் தயாரித்த ஊஃபா கம்பெனியே வெட்டியது, நீளமான வடிவம் எங்கும் இல்லை என்றாகிவிட்டது. ஆனால் அதற்குள் அடோல்ஃபோ வில்சன் என்ற விநியோகஸ்தர் வெட்டாத பிரிண்ட் ஒன்றை அர்ஜென்டினாவுக்கு வாங்கிப் போயிருந்தார். 1928இல் அங்கே ஓடியது. ஓடி முடிந்த பெட்டி மனுவேல் பேன்யா ரோட்ரிகஸ் என்ற சினிமா விமர்சகரின் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

இனிமேல்தான் வேடிக்கை. தனி ஆளிடம் பத்திரமாக இருந்தது அரசு நிதியமைப்பு ஒன்றின் கைக்கு வந்தது. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் 16 எம்.எம்.மில் நகல் எடுத்தார்கள், சரி, ஆனால் சுருளைத் துடைக்கக்கூட இல்லை போலிருக்கிறது, கீறல், எண்ணெய்க் கறை எல்லாம் நகலிலேயே பதிந்துவிட்டன, படத்தின் ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டது. மூலப் பிரிண்ட் போயே போச்சு. நகல் ஒரு அருங்காட்சியகத்தில் சும்மா கிடந்தது.

அதைக் கண்டுபிடித்ததும் ஒரு சேகரிப்பாளர்தான், ஃபெர்னாண்டோ பேன்யா. சினிமா கிளப் நடத்திய ஒருவர் அவரிடம் பழைய கதை ஒன்று சொல்லியிருக்கிறார்: அந்தப் படத்தைப் போட்டபோது ஃபிலிம் துள்ளிக்கொண்டே இருந்ததாம், இரண்டரை மணி நேரம் புரொஜக்டரில் ஃபிலிம் ஓடும் இடத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே நின்றாராம். கேட்டவருக்கு உறைத்தது விரல் இல்லை, நேரம். தெரிந்த எந்த வடிவமும் அவ்வளவு நீளம் கிடையாதே! பல வருடம் அலைந்து 2008இல்தான் பெட்டியைத் திறந்து பார்க்க முடிந்தது.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். 1974இல் அமெரிக்காவில், படங்களைச் சேர்த்து வைத்திருந்த நடிகர் ராடி மெக்டவல் வீட்டில் எஃப்.பி.ஐ. புகுந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை அள்ளிக்கொண்டு போனது. வழக்கு எதுவும் போடவில்லை. அந்த நாட்டிலேயே எடுத்த ஏறக்குறைய 11,000 முழுநீள மௌனப் படங்களில் மூல வடிவில் முழுசாக மிஞ்சியது 14 சதவீதம் என்று 2013இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. சொத்து சொத்து என்றவர்கள் சொத்தைப் பார்த்துக்கொண்ட லட்சணம்.

அதற்காகச் சேகரிப்பாளர்களைத் தெய்வமாக்கவும் மாட்டேன். யாருக்கும் காட்டாமல் பீரோவில் பூட்டி, ஃபிலிம் கெட்டு வினிகர் வாடை அடிக்கும்வரை மட்க விடுகிறவர்களும் உண்டு. உங்கள் கோபம் அவர்கள் மேல் என்றால் நானும் உங்கள் பக்கம்.

நம் ஊரில் பெட்டி என்ன ஆனது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) ஒரு பிரிண்ட்கூட இல்லை. நானே சின்ன வயதில் பெட்டிக்கடையில் ஃபிலிம் துண்டு வாங்கி, ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, அப்பாவின் வேட்டியில் படம் காட்டியவன். அது யார் வீட்டுப் படச்சுருளை வெட்டியது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

'மெட்ரோபோலிஸ்' பார்ப்பதாக இருந்தால் 2010இல் வந்த வடிவத்தைத் தேடுங்கள். இடையிடையே திரையில் கீறல் மழை பெய்யும், ஓரத்தில் கறுப்புப் பட்டை வரும். அந்த இருபத்தைந்து நிமிடம்தான் நீங்கள் சொன்ன அமுக்கிய பெட்டியிலிருந்து வந்தது.