கேஷுவாலிட்டியா, நியூராலஜியா?

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். கேஷுவாலிட்டி டியூட்டிதான் ரொம்பப் பிடித்திருக்கிறது. என் சித்திக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (உடலின் எதிர்ப்புசக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) இருப்பதால் அந்த நோயில் ஆராய்ச்சி செய்யவும் ஆசை. பி.ஜி.யில் எதை எடுப்பது? இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா?

பதில்: முதலில் விதிமுறையைப் பாருங்கள். டி.எம். நியூராலஜி (நரம்பியல் உயர்சிறப்புப் படிப்பு) சேர பொதுவாக எம்.டி. பொது மருத்துவமோ குழந்தை மருத்துவமோ முடித்திருக்க வேண்டும். எம்.டி. எமர்ஜென்சி மெடிசின் (கேஷுவாலிட்டிக்கான பி.ஜி. படிப்பு) முடித்தவர்கள் கிரிட்டிக்கல் கேர் (தீவிர சிகிச்சை) பக்கம் போகலாம். நியூராலஜிக்குப் போக முடியாது. எதற்கும் அந்தந்த ஆண்டின் நீட் எஸ்.எஸ். (உயர்சிறப்புப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) தகவல் கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, சித்தி போன்றவர்களுக்கு எந்த மருந்து, எத்தனை வருடம் என்று முடிவு செய்யும் டாக்டராக வேண்டுமென்றால் பொதுவாக எம்.டி. 3 + டி.எம். 3 என்று ஆறு வருடப் பாதைதான். குறுக்குவழி கிடையாது.

ஆனால் ஆராய்ச்சிக்கு நியூராலஜிஸ்ட் பட்டம் கட்டாயமில்லை. இந்த நோயில் கேஷுவாலிட்டியிலேயே கிடக்கும் கேள்விகள் நிறைய. ஓர் உதாரணம். அக்னி நட்சத்திர மதியத்தில், ஏற்கெனவே இந்த நோய் இருக்கிற முப்பது வயதுப் பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருகிறார்கள். நேற்று வரை நடந்தவர், இன்று கால் ஊன்ற முடியவில்லை. "ரிலாப்ஸ்தான் (நோய் புதிதாகத் தாக்குவது), ஸ்டீராய்டு போடுங்க" என்று யாராவது அவசரப்படுவார்கள். உடம்பைத் தொட்டால் சுடுகிறது, சிறுநீரில் கிருமித்தொற்று. சூடு ஏறினால் பழைய தழும்புள்ள நரம்புகளில் மின்கடத்தல் தடுமாறும். ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே எழுதிவைத்தது. காய்ச்சல் இறங்கி, தொற்றுக்கு மருந்து போனால் பெரும்பாலும் கால் பலம் திரும்பும். உண்மையான ரிலாப்ஸ் என்றால் காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணி நேரமாவது நீடிக்க வேண்டும். அதற்குத்தான் தினம் 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. அதைத் தொற்றின் மேல் ஏற்றினால் தொற்று மோசமாகலாம் என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்டீராய்டுக்கு முன்னால் டெம்பரேச்சரும் சிறுநீரும் எத்தனை பேருக்குப் பார்க்கப்பட்டன? இது அருமையான எம்.டி. தீசிஸ். இன்னொன்று, ஸ்ட்ரோக் (பக்கவாதம்) என்று நினைத்து ஓடிவரும் இளவயதினர். ஸ்ட்ரோக் சட்டென்று தாக்கும். இந்த நோய் பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களில் கூடும். 4.5 மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முடிவு செய்ய வேண்டிய நெருக்கடியில் இந்த வித்தியாசத்தைப் பிடிப்பது உங்கள் வேலை, நியூராலஜிஸ்ட் வருவதற்கு முன்பே.

ஒரு சிக்கல்: நம் ஊரில் இந்த நோய் அபூர்வம். ஒரே கேஷுவாலிட்டியில் உட்கார்ந்து எண்ணிக்கை சேர்க்க முடியாது. சில மருத்துவமனைகளைச் சேர்த்து, பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்துத்தான் செய்ய வேண்டும். அதனால் வழிகாட்டி இருவர் தேவை: எமர்ஜென்சியில் ஒருவர், நியூராலஜியில் ஒருவர். இரண்டாமவர் இல்லாமல் தொடங்காதீர்கள். மூளை ஸ்கேனை யார் படிப்பது?

என்னைக் கேட்டால், கேஷுவாலிட்டி பிடித்தவர் ஆறு வருடம் வார்டில் வாடுவதைவிட எமர்ஜென்சி மெடிசின் எடுப்பதே சரி. அதற்கு முன் எச்.ஓ.டி.யிடம் (துறைத் தலைவர்) கேட்டு, நியூராலஜி ஓ.பி.யில் கொஞ்ச நாள் உட்கார்ந்து பாருங்கள். நோயாளிகளோடு வருடக்கணக்கில் கூடவே வருவது பிடித்துவிட்டால் என் யோசனையைத் தள்ளிவிட்டு, பொது மருத்துவத்துக்கே போங்கள்.