ஒரு நிமிடம், 720 படம்: அனிமேஷன் குறும்படம் செய்யும் மாணவர்களுக்குக் கேள்வி பதில்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். கொழும்பில் விளம்பரங்களுக்குப் பல வருடம் அனிமேஷன் செய்துவிட்டு இப்போது ஊரில் இருக்கிறேன். குழுவாகக் குறும்படம் செய்யும் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளில், பலர் கேட்டவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து: அக்கா, நாங்கள் ஏழு பேர். எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்தது முதல் இன்றுவரை பத்து நிமிடப் படமாகக் கையால் வரையப் போகிறோம். இரண்டு மாதம் போதுமா?

போதாது தங்கச்சி. கணக்கைப் பாருங்கள். திரையில் ஒரு செக்கனுக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படம் ஓடும். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் செக்கனுக்கு 12 படம் வரைய வேண்டும். பத்து நிமிடத்துக்கு 7,200. ஏழு பேரும் 60 நாளும் ஒருநாள் விடாமல் வரைந்தால், நாளொன்றுக்கு ஆளுக்கு 17 படம். டியூஷன் வேறு இருக்கும். இதில் நிறமும் இல்லை, பின்னணியும் இல்லை.

ஒரு நிமிடத்துக்கு இறங்குங்கள், 720 படம். இருநூறு வருடத்தைச் சொல்ல வேண்டாம், ஒரு விடியற்காலையைச் சொல்லுங்கள். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குச் சங்கு ஊதுகிறது. வேலையை விட்டுப் பல வருடமான பாட்டி தூக்கம் கலைந்து எழுந்து, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் தேடுகிறார். இதற்கு ஒரு நிமிடமே தாராளம்.

வரையத் தொடங்குவதற்கு முன், காட்சிகளை வரிசையாகக் கீறிய ஸ்டோரிபோர்டைப் போனில் படம் பிடித்து, ஒவ்வொன்றும் எத்தனை செக்கன் என்று வரிசையாக ஓட்டிப் பாருங்கள். அனிமேட்டிக் என்பது இதுதான். சலிப்புத் தட்டும் இடத்தை அப்போதே வெட்டுங்கள். வரைந்து நிறம் தீட்டிய பிறகு வெட்ட யாருக்கும் மனசு வராது.

ஹட்டனிலிருந்து: களிப் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் போனில் படம் பிடித்து ஸ்டாப் மோஷன் எடுத்தோம். ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் துடிக்கிறது. போன் சரியில்லையா?

போனில் பிழை இருக்காது. ஜன்னலோரம் வைத்துத்தானே எடுத்தீர்கள்? நம் ஊரில் பத்து நிமிடத்துக்குள் பனி வரும், போகும், வெயில் எட்டிப் பார்க்கும். நமக்குத் தெரியாது, கண் பழகிவிடும். 200 படத்தை அடுக்கி ஓட்டும்போது அத்தனை பனியும் துடிப்பாகத் தெரியும்.

ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, இரண்டு மேசை விளக்கை வைத்து எடுங்கள். கேமரா அப்பில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), போகஸ், வைட் பெலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் பூட்டி விடுங்கள். ஷட்டர் வேகத்தை மாற்ற முடிந்தால் 1/50 அல்லது 1/25 செக்கன் வையுங்கள். நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பல்பின் துடிப்பு அதற்குள் அடங்கிவிடும். பொம்மையை நகர்த்துகிறவர் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நிற்கக் கூடாது. சட்டையில் பட்ட வெளிச்சம் பொம்மை மேல் விழும். என் முதல் படத்தில் பாதித் துடிப்பு என் யூனிபோர்மால் வந்தது!

போன் திரையைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் ஆடும். வயர் இயர்போனைச் செருகி அதன் வொலியூம் பட்டனை அமுக்கிப் பாருங்கள், பல போன்களில் படம் எடுக்கும்.

அப்புறம், நுவரெலியா பக்கத்தில் இரண்டு பேர் களி வெடிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். குளிரில் எண்ணெய்க் களி இறுகும். பொலித்தீன் பையில் கட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டுப் பிசையுங்கள்.

பண்டாரவளையிலிருந்து: பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் போட்டோம், அதாவது செய்ததைக் கொம்பியூட்டர் முழுப் படமாக்க விட்டோம். கரண்ட் போய் எல்லாம் போய்விட்டது.

வீடியோவாக ரெண்டர் போட்டிருப்பீர்கள். பிரேமுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பிஎன்ஜி படங்களாகப் போடுங்கள். கரண்ட் போனால் போவது ஒரே ஒரு பிரேம், மீதி ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு பிரேமுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் செக்கனுக்கு 24 வீதம் ஒரு நிமிடப் படத்தின் 1,440 பிரேமுக்கு 48 மணி நேரம். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின இரவு தொடங்குகிற வேலையா இது?

பதுளையிலிருந்து: வாய் அசைவு பொருந்தவில்லை. ‘அம்மா’ என்று கூப்பிடும் இடம் டப்பிங் படம் மாதிரி இருக்கிறது.

குரலை முதலில் பதிந்துவிட்டு அதற்கு வரைய வேண்டும். நீங்கள் தலைகீழாகச் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் வாய்ப்படங்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பேச்சுக்குச் செய்தவை. நம் ‘அம்மா’வில் உதடு மூடியே நிற்கும் நேரம் அதிகம். சாதாரணமாகக் கூப்பிட்டாலே நாலைந்து பிரேம் வரும். சட்டென்று திறந்துவிட்டால் ‘அமா’ என்றுதான் கண்ணுக்குப் படும். சத்தத்துக்கு ஒரு பிரேம் முன்னதாகவே உதட்டை மூடிவிடுங்கள்.

ஐந்து வாய் போதும்: ம, ப இரண்டுக்கும் மூடியது; வ வரும்போது கீழுதட்டில் பல் பட்டது; ஆவுக்குத் திறந்தது; ஈ, ஏக்கு இழுத்தது; ஊ, ஓவுக்குக் குவிந்தது. ழகரத்துக்குத் தனி வாய் வரையாதீர்கள், வெளியே தெரியாது. தமிழ் டீச்சர் கோபித்தாலும் பரவாயில்லை.

குரல் பதிய மழையில்லாத நேரம் பாருங்கள். தகரக் கூரைச் சத்தத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக எடுக்க முடியாது. கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினால் எதிரொலி குறையும்.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் ஆசிரியை: பள்ளிக்கூடத்தில் பழைய கொம்பியூட்டர்கள்தான். எந்த மென்பொருள்?

பென்சில்2டி, டீச்சர். இலவசம், பழைய மெசினிலும் ஓடும். கொஞ்சம் நல்ல மெசின் இருந்தால் கிரிட்டா, அதுவும் வரையும் மென்பொருள்தான். பிளெண்டரும் இலவசம்தான், 2025 இல் ஒஸ்கார் வாங்கிய லத்வியா நாட்டு அனிமேஷன் படம் அதில் செய்ததுதான். ஆனால் பிள்ளைகளுக்குப் பழகவே ஒரு தவணை போய்விடும்.

சினிமாப் பாட்டுப் போடலாமா? (பலர்)

வேண்டாம். பாட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார், யூடியூபில் ஏற்றினால் பிடிபடும். உங்கள் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கிற ஒரு மாமாவிடம் கேட்டு இரண்டு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். பெயர்ப் பட்டியலில் அவர் பெயரையும் போடுங்கள்.

கொட்டகலையிலிருந்து: லெப்டொப் என்னிடம் இருப்பதால் எல்லா வேலையும் என் தலையில். மற்றவர்கள் ‘அனுப்புறோம்’ என்கிறார்கள், அனுப்புவதில்லை.

உங்கள் வலி புரிகிறது தம்பி. நான் படித்த காலத்தில் எங்கள் குழுவில் எல்லாம் ஒரே பென் டிரைவில் இருந்தது. அதை வைத்திருந்தவர் பஸ்ஸில் தொலைத்தார். மூன்று வாரம் பேசவில்லை, அப்புறம் பேசினோம், படம் மட்டும் வரவேயில்லை.

வேலையை ‘நீ வரை, நீ நிறம் தீட்டு’ என்று பிரித்தால் முதல் ஆள் தாமதித்ததும் மற்ற எல்லோரும் சும்மா இருப்பார்கள். ஷொட் ஷொட்டாக, அதாவது காட்சித் துண்டு துண்டாகப் பிரியுங்கள். லெப்டொப் இல்லாதவர் கடதாசியில் வரைந்து போனில் எடுத்து அனுப்பலாம். உங்கள் படத்திலும் ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்வோம். பாட்டியின் முன், பக்க, பின் தோற்றத்தை ஒரே தாளில் வரைந்து எல்லோருக்கும் பிரதி கொடுங்கள். இல்லாவிட்டால் ஷொட்டுக்கு ஒரு பாட்டி வருவார். உங்கள் பங்குக்குக் கோப்பு சேர்ப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வரைய ஒரு ஷொட்கூட எடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் வராத ஷொட் படத்தில் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னபடி ஒன்றை வெட்டியும் காட்டுங்கள்.